இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும்போது 20,000 ரூபாய் கட்டணம் எதற்கு?

கேள்வி: வயது 38, திருச்சியில் தனியார் வேலை. கையில் வருவது 72,000 ரூபாய். வீட்டுச் செலவு 35,000, வீட்டுக் கடன் இஎம்ஐ 22,000. கடன் பாக்கி 22 லட்சம். சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த மூன்று எண்டோமென்ட் பாலிசிகளுக்கு வருடம் 62,000 ரூபாய் கட்டுகிறேன். மொத்தக் காப்பீடு 9 லட்சம். பி.எஃப்.பில் 6 லட்சம் இருக்கிறது. வேறு சேமிப்பு இல்லை. மகள் மூன்றாம் வகுப்பு. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி போட வேண்டும். தெரிந்த ஏஜென்ட் இலவசமாக ஃபண்ட் சொல்கிறார். ஃபைனான்ஷியல் பிளானரோ 20,000 கேட்கிறார். அப்படி என்ன செய்வார்?

பதில்: ஃபண்ட் பெயர் சொல்வது பிளானரின் கடைசி வேலை. அதற்கு முன்னால் போடும் கணக்குக்குத்தான் கட்டணம்.

நாளை நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வருடச் செலவு 4.2 லட்சம், பணவீக்கத்தை வட்டி ஈடுகட்டுவதாகக் கொண்டாலே 20 வருடத்துக்கு 84 லட்சம். கடன் 22, மகளின் கல்லூரிக்கு 25 சேர்த்தால் 131 லட்சம். பி.எஃப்., பாலிசி இரண்டிலும் 15 லட்சம் கழித்தால் 116 லட்சம் இடிக்கிறது. இப்போதுள்ள 9 லட்சம் வீட்டுக் கடனில் பாதியைக்கூட அடைக்காது. ஆக, உங்களுக்கு முதல் தேவை எஸ்ஐபி அல்ல, டேர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு.

அடுத்தது அவசர நிதி. செலவும் இஎம்ஐயும் சேர்த்து ஆறு மாதத்துக்கு 3.42 லட்சம் வேண்டும். அது இல்லாமல் முழுப் பணத்தையும் பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டில் போட்டால், சந்தை சரிந்திருக்கும் நேரத்தில் வேலை போனால் நஷ்டத்தில் விற்கத்தான் வேண்டிவரும். பலர் எஸ்ஐபியைப் பாதியில் விடுவது இப்படித்தான்.

ஏஜென்டின் சேவையும் இலவசம் அல்ல. ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் அவருடைய கமிஷன், ஃபண்ட் உங்கள் பணத்திலிருந்து கழிக்கும் செலவு விகிதத்துக்குள் வருடாவருடம் போகிறது. மாதம் 10,000 வீதம் 20 வருடம், 12% வளர்ந்தால் சுமார் 99.9 லட்சம், கமிஷனால் அது 11% ஆகக் குறைந்தால் 87.4 லட்சம். ஒரு சதவிகிதத்தின் விலை பன்னிரண்டரை லட்சம். ஒரே ஒரு எஸ்ஐபி போட, படிவம் நிரப்ப அவர் போதும், அதில் தப்பில்லை. ஆனால் எண்டோமென்ட்டை நிறுத்தலாமா என்று, அதை விற்றுக் கமிஷன் பெறுபவரிடம் கேட்டுப் பயனில்லை.

பிளானரைச் சோதிக்க வழி உண்டு. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். செபி தளத்தில் சரிபாருங்கள். ஏஆர்என் எண் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். ஆலோசகர் ஒரே வாடிக்கையாளரிடம் கட்டணமும் கமிஷனும் சேர்த்து வாங்கக் கூடாது. கட்டணத்தை ரொக்கமாகக் கேட்டாலோ, முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, லாபத்துக்கு உத்தரவாதம் தந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். 20,000 ரூபாய்க்குள் எழுத்துபூர்வமான திட்டமும், வருடம் ஒருமுறை மறு ஆய்வும் அடங்குமா என்றும் முன்பே கேளுங்கள்.

போகும்போது பாலிசிப் பத்திரங்கள், பி.எஃப். பாஸ்புக், கடன் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். சீட்டு, நகைக்கடன், கைமாற்று எதையும் மறைக்காதீர்கள். விட்டுப்போன ஒரு தவணை மொத்த மாதக் கணக்கையும் கெடுக்கும். எண்டோமென்ட்டை சரண்டர் செய்து பணத்தை எடுப்பதா, பிரீமியத்தை நிறுத்தி குறைந்த காப்பீட்டோடு தொடரும் பெய்ட்-அப் ஆக்குவதா என்பதை ஒவ்வொரு பாலிசிக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். டேர்ம் பாலிசி வழங்கப்படும்வரை எதையும் நிறுத்த வேண்டாம். மருத்துவப் பரிசோதனையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அந்த 9 லட்சமும் இல்லாமல் போய்விடும்.