மருந்துச் சோதனையும் தானோட்டி வண்டியும்: கேள்வி பதில்

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்ப்பது என் வேலை. தானோட்டி, அதாவது ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டி பற்றியும் இப்போது 'இது பாதுகாப்பானதா, எப்படிச் சோதிப்பது?' என்ற அதே கேள்விகளோடு வருகிறார்கள். இந்த வாரம் வந்தவை இவை.

ஒரகடம், பொறியாளர்: அக்கா, எங்க வண்டி டெஸ்ட் டிராக்குல 3,000 கி.மீ. ஓடிடுச்சு. ஒரு மோதல்கூட இல்ல. பாதுகாப்பானதுன்னு ரிப்போர்ட்ல போடலாமா?

போடாதீங்க தம்பி. எங்கள் துறையில் 'மூன்றின் விதி' என்று ஒரு கணக்கு உண்டு. 300 பேருக்கு மருந்து கொடுத்து ஒருவருக்கும் கடும் பக்கவிளைவு வரவில்லை என்றால், மூன்றை 300-ஆல் வகுக்க வேண்டும். நூற்றில் ஒருவருக்கு மேல் வராது என்று மட்டும்தான் 95% உறுதியோடு சொல்லலாம். உங்கள் கணக்கில் மூன்றை 3,000-ஆல் வகுத்தால், ஆயிரம் கி.மீ.க்கு ஒரு மோதல் வரைகூட இருக்கலாம். இதையா சாதனை என்பீர்கள்?

2016-இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கும் இதுதான். அமெரிக்கச் சாலைகளில் 10 கோடி மைலுக்குச் சுமார் 1.09 மரணம். தானோட்டி அதைவிட மோசமில்லை என்று காட்ட, ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்ட வேண்டும். 100 வண்டிகள் இரவு பகலாக, மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினால் 12.5 ஆண்டு ஆகும். நடுவில் மென்பொருளை மாற்றிவிட்டால், பழைய மைல்களையும் சேர்த்து எண்ணலாமா என்பது தனி வழக்கு. நான் எண்ணமாட்டேன்.

தாம்பரம், எம்.டி. மாணவி: அப்போ மரணத்துக்குப் பதிலா, சடன் பிரேக் எத்தனை தடவைன்னு எண்ணினா போதாதா மேடம்?

எண்ணலாம், ஆனால் நம்பிவிடக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தாறுமாறான இதயத்துடிப்பை அடக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். துடிப்பு சீரானது. ஆனால் 1989-இல் வெளிவந்த காஸ்ட் (CAST) என்ற ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களில்தான் இறப்பு அதிகம். சடன் பிரேக் குறைந்திருந்தால், வண்டி நன்றாக ஓட்டுகிறது என்றும் பொருள். எதிரே நடப்பவர் அதன் கண்ணுக்கே தெரியவில்லை என்றும் பொருள்.

கிண்டி, பி.இ. மாணவர்: சிமுலேட்டர்ல எல்லாரும் முதல்ல சாதாரண வண்டி, அப்புறம் தானோட்டி ஓட்டினாங்க. இது சரிதானே?

இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் கை பழகியிருக்கும். குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்து சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். தானோட்டியின் மேல் வந்த நம்பிக்கை அப்படிப் போகாது. நானாக இருந்தால் இரண்டு தனிக்குழு வைப்பேன்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மனுஷன் தூங்குவான், மெஷின் தூங்காது. இதுக்கு ஆராய்ச்சி எதுக்கம்மா?

காசநோயாளிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையும் சத்துள்ள சாப்பாடும் வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது ஐயா. 1956-இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கி, 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரே மருந்தைப் பாதிப் பேருக்கு வீட்டிலும் மீதிப் பேருக்குச் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியிலும் ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் வந்த முடிவில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மையம்தான் இன்றைய சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

போரூர், கால் டாக்சி ஓட்டுநர்: வெளிநாட்டுல பாஸான வண்டி கத்திப்பாராவுல ஓடுமாக்கா?

பிரிட்டனில் நன்றாகக் காத்த பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியை 1968 முதல் செங்கல்பட்டுப் பகுதியில் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் 2.5 லட்சத்துக்கும் மேல். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இங்கே அது தடுக்கவில்லை. விற்க வருகிறவரிடம் கேளுங்கள் அண்ணா: ராங் சைடில் வரும் பைக்கை எந்த ஊரில் வைத்துச் சோதித்தீர்கள்?