மறு: கடைவாய்ப்பல்லுல அடைச்சது ஆடுது, திங்கக்கிழமை வரைக்கும் தாங்குமா?

கடலை மிட்டாய் கடிச்சதுல ஃபில்லிங் ஆடுது, திருமங்கலத்துல உங்க டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாரு, அதுவரைக்கும் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு ஒட்டிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணிடாதீங்க. அந்தப் பசை ஈறைப் புண்ணாக்கிடும், உள்ள இருக்க கிருமியையும் சேத்து மூடிடும், அப்புறம் டாக்டர் சுரண்டி எடுக்கறதுக்குள்ள நல்ல பல்லும் சேதாரம் ஆகிடும்.

வலி இல்லன்னு சொல்றீங்க, சரி, ஆனா அதை நம்பி தள்ளிப்போடாதீங்க. ஃபில்லிங்குக்கும் பல்லுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி விழுந்தாப் போதும், எச்சியும் சோத்துப்பருக்கையும் உள்ள எறங்கி அடியில சொத்தை வளந்துக்கிட்டே இருக்கும், மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது. திங்கக்கிழமையே போயிட்டா பெரும்பாலும் புதுசா அடைக்கறதோட முடிஞ்சிடும், விட்டா ரூட் கெனால் வரைக்கும் இழுத்துடும்.

சாப்ட்டதும் வெதுவெதுன்னு உப்புத்தண்ணில கொப்புளிங்க, அந்தப் பக்கம் மெல்லாதீங்க, முறுக்கு அல்வா வேணாம், இட்லி, ரசஞ்சோறுன்னு ஓட்டுங்க. ஜிகர்தண்டாவும் ரெண்டு நாளைக்கு வேணாம், சில்லுனு பட்டா சுருக்குன்னு இழுக்கும். ஊக்கு, குச்சி வெச்சு நோண்டுற பழக்கம் நம்ம பக்கம் ஜாஸ்தி, அது ஆகவே ஆகாது, நாக்கால நெருடவும் செய்யாதீங்க. பிரஷ் மட்டும் மெதுவா பண்ணுங்க, நிறுத்திடாதீங்க. கழண்டு வந்துட்டா முழுங்கிடாம எடுத்து ஒரு சின்ன டப்பால போட்டு டாக்டர்ட்ட காட்டுங்க.

கன்னம் வீங்குனாலோ காய்ச்சல் அடிச்சாலோ திங்கக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிடுங்க. மூச்சு விடவோ முழுங்கவோ கஷ்டமா இருந்தா உடனே 108-க்கு அடிங்க.