விசிறி மாற்றியபின் வலுவிழந்த வைஃபை

கேள்வி: மடிக்கணினியின் விசிறியை நானே மாற்றியதிலிருந்து, எங்கள் வீட்டில் ரூட்டர் இருக்கும் கூடத்தில் மட்டுமே வைஃபை கிடைக்கிறது, திண்ணைக்கு வந்தால் அறுந்துவிடுகிறது. வைஃபை அட்டை பழுதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அருகில் இணைப்பு கிடைப்பதால் அட்டை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், புதியது வாங்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஆன்டெனாக்கள் திரைச் சட்டத்தினுள் இருக்க, அங்கிருந்து கீல் வழியாக வரும் இரண்டு மெல்லிய கம்பிகள், ஏறத்தாழ 2 மி.மீ. அளவேயுள்ள பொத்தான் போன்ற முனைகளால் அட்டையில் பொருந்துகின்றன. விசிறியைக் கழற்றியபோது அவை விலகியிருக்கலாம். சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகு, முனையை நேராக வைத்து, பொருந்துவதை விரல் உணரும்வரை மெதுவாக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் முனை நசுங்கிவிடும். அதைச் சரிசெய்வது மிகக் கடினம். கம்பி எங்கேனும் திருகின் அடியில் சிக்கியிருக்கிறதா என்பதையும் அவசியம் பாருங்கள்.