தொலைக்காட்சித் தொடர் நடிகர்களின் முடி திடீரென்று மாறினால் நமக்கு ஏன் உறுத்துகிறது?

படப்பிடிப்பில் ‘கண்டினியூட்டி’ என்று ஒன்று உண்டு. அடுத்தடுத்து வரும் காட்சிகளில் முடி, உடை, பொட்டு எல்லாம் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதுதான் அது.

தொடரைக் கதை வரிசைப்படி எடுப்பதில்லை, அங்கேதான் சிக்கல். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தால், அங்கே நடக்கும் முதல் வாரக் காட்சியையும் கடைசி வாரக் காட்சியையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். செலவு குறையும். நாயகன் அந்த வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கும் காட்சியை ஒரு மாதம் கழித்து எடுக்கலாம். அதற்குள் முடி ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். உச்சந்தலையில் அது தெரியாது. கிருதாவிலும் பிடரியிலும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஒப்பனைக் குழு தலையை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறது. பொறுமையான வேலை, பாராட்ட வேண்டும்.

சரி, கதைக்காகவே முடியை வெட்டினாலும் ரசிகர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்? ஆஸ்ட்ரோ வானவில் தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கும் முகம் வீட்டு ஆள்போல ஆகிவிடுகிறது. வழக்கமான மாமாக் கடையில் தே தாரிக்கின் சுவை மாறினால் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்போமே, அதுபோலத்தான். நடிகைகளுக்கு இது இன்னும் கடுமை. நீளப் பின்னல் என்றால் நல்லவள், குட்டை முடி என்றால் வில்லி என்று தொடர்களே நம்மைப் பழக்கிவிட்டன. இந்தப் பழக்கம் போகவேண்டும்.

நடிகர் தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொண்டார் என்று பலர் திட்டுகிறார்கள். பெரும்பாலும் அது இயக்குநரும் ஒப்பனைக் குழுவும் சேர்ந்து எடுக்கும் முடிவு, சில நேரம் வெறும் விக்தான்.