டர்பைன் வேலையை விட்டு சோலாருக்குப் போகலாமா?
நிலக்கரி மின்நிலையத்தில் 14 வருடமாக டர்பைன் பராமரிப்பு, இப்போதே சோலாருக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம் என்பேன். சோலாரில் ஆள் அதிகம் தேவைப்படுவது பேனல் பொருத்தும் காலத்தில்தான். அது முடிந்ததும் ஒரு சிலர் போதும். தவிர, உங்கள் கைக்கு வேலை கொடுக்க அங்கே சுழலும் இயந்திரமே கிடையாது! நீராவி டர்பைன் தெரிந்தவருக்கு அணுமின் நிலையங்களும், பூமிக்கடியிலுள்ள சூட்டில் இயங்கும் புவிவெப்ப நிலையங்களும் நெருங்கிய சொந்தம்; அங்கேயும் பெரும்பாலும் நீராவிதான் டர்பைனைச் சுழற்றுகிறது. காற்றாலைக்குக் கொஞ்சம் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும், உயரம் ஏறவும் தெம்பு வேண்டும்.

அப்புறம், நிலக்கரியைக் கைவிடும் நாடுகளும் ஒரே நாளில் மூடுவதில்லை. பிரிட்டன் 2015இல் அறிவித்தது. கடைசி நிலையம் நின்றது 2024 செப்டம்பர் 30இல். ஜெர்மனி 2020இல் சட்டம் போட்டு 2038 வரை கெடு வைத்தது. உங்கள் யூனிட்டுக்கு என்ன வயது? பெரும்பாலும் பழசுதான் முதலில் போகும்.