மாடு பார்த்துப் பழகிய கை, குதிரை பார்க்கப் போகும்போது

கேள்வி: கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வெளிநாட்டில், வண்டி இழுக்கும் குதிரைகளுக்கும் பொதி சுமக்கும் குதிரைகளுக்கும் சிகிச்சை தரும் நான்கு வார மாணவர் திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. புறப்பட இரண்டு மாதம் இருக்கிறது. இதுவரை நான் பார்த்ததெல்லாம் மாடும் நாயும்தான். குதிரையைத் தொட்டதே மூன்று நான்கு முறை இருக்கும். எதைப் படிப்பது, எப்படித் தயாராவது?

பதில்: படிப்பதை அப்புறம் பார்ப்போம். முதலில், நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு குதிரை லாயத்தைக் கண்டுபிடியுங்கள். சவாரிப் பள்ளியானாலும் சரி, பந்தயக் குதிரைகள் நிற்கும் இடமானாலும் சரி. வாரம் இரண்டு காலைகள் போய் லத்தி அள்ளவும், உடம்பைத் தேய்த்துவிடவும், குளம்பைச் சுத்தம் செய்யவும் அனுமதி கேளுங்கள். அங்கே நோயாளிக் குதிரை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதனால் குறையில்லை. உங்களுக்கு இப்போது வேண்டியது, நலமான குதிரை எப்படி இருக்கும் என்பது கைக்கும் காதுக்கும் பழகுவதுதான். மாணவர்கள் தடுமாறுவதை நான் பார்த்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். நோய்களின் பட்டியல் மனப்பாடமாக இருக்கும். எதிரில் நிற்கும் குதிரையின் நாடி இயல்பா இல்லையா என்று கேட்டால் பதில் வராது.

பக்கத்தில் போவதிலிருந்து தொடங்குவோம். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்ச இடமும்தான் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே இடது தோளை நோக்கிப் போங்கள். தோளில் கை வையுங்கள், அப்புறம் மற்ற இடம். மாடு பெரும்பாலும் காலைச் சுழற்றிப் பக்கவாட்டில் உதைக்கும். குதிரை நேர் பின்னால், இரண்டு காலாலும் உதைக்கும். மாட்டிடம் பாதுகாப்பு என்று பழகிய இடம் இங்கே ஆபத்தாகலாம். பின்பக்கம் போக வேண்டுமென்றால் உடம்பை உரசியபடி நெருக்கமாகப் போங்கள், இல்லாவிட்டால் உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போங்கள். அரைகுறை தூரத்தில் நிற்பதுதான் மோசம். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை மிரண்டு இழுத்தால் சுற்றிய கயிறு விரலை விடாது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சை, கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை பழகுங்கள்.

இனி பரிசோதனை. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இந்த எண்களை எழுதி வைத்தால் போதாது. மாட்டின் நாடி இயல்பிலேயே இதைவிட வேகம். 64 என்று எண்ணினால் உங்கள் மனம் அலட்டிக்கொள்ளாது. வயிற்றுவலியோடு நிற்கும் குதிரையில் அதே 64 என்றால், கையில் இருப்பதை வைத்துவிட்டு மூத்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கீழ்த்தாடையின் உள்விளிம்பில் ஓடும் தமனியில் நாடி பிடித்துப் பழகுங்கள். குளம்புக்கு மேலே, கணுமூட்டின் பின்பக்க ஓரங்களில் ஓடும் நாடியையும் தேடுங்கள். நலமான காலில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம். அந்த மெல்லிய துடிப்பு விரலுக்குப் பழகிய பிறகுதான், குளம்புக்குள் சீழோ அழற்சியோ இருக்கும்போது அது எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பது புரியும்.

வயிற்றை இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ் என்று நான்கு இடத்தில், ஒவ்வொன்றிலும் முழு ஒரு நிமிடம் கேளுங்கள். மாட்டில் இடப்பக்க விலாவில் காது வைத்துப் பழகியிருப்பீர்கள். குதிரையின் பெருங்குடல்வாய் வலப்பக்கம் இருக்கிறது. அங்கே தண்ணீர் கொட்டுவது போன்ற ஓசை அவ்வப்போது வரும். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை நிரம்பி வீங்கினால் வெடித்துவிடும். அதனால்தான் வயிற்றுவலிக் குதிரைக்கு மூக்கு வழியாகக் குழாய் விடுவது பல நேரம் உயிர் காக்கும் வேலையாகிறது. அதைச் செய்வது உங்கள் பொறுப்பாக இருக்காது. ஆனால் தலையை அசையாமல் பிடிக்கச் சொல்வார்கள், அதை ஒழுங்காகச் செய்தாலே பெரிய உதவி.

இப்போது மருந்துக்கு வருவோம். மாட்டு அனுபவம் உங்களைத் தவறான இடத்துக்கு இழுத்துப்போகக்கூடிய பகுதி இதுதான். சைலசின் மயக்க மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். இரண்டையும் மாற்றி நினைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மயங்கித் தலை தொங்கிய குதிரையும் உதைக்கும், இதை மறக்கவே கூடாது. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின் குதிரையின் இதயத்தைச் சிதைக்கும். லின்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கடுமையான குடல் அழற்சியை உண்டாக்கிக் கொல்லக்கூடும். கழுத்து ரத்தநாளத்தில் ஊசி போடும்போது கழுத்தின் மேல் மூன்றிலொரு பகுதியையே தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இருக்கிறது: அங்கே சிரைக்கும் உள்ளே ஓடும் தமனிக்கும் நடுவில் ஒரு தசை தடுப்பாக நிற்கிறது. கீழே போகப்போக அந்தத் தடுப்பு இல்லை. மருந்து தமனிக்குள் போனால் குதிரை சில நொடிகளில் வலிப்பு வந்து விழும்.

எடை போடும் மேடை களத்தில் இருக்காது. நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 150, நீளம் 135 என்றால் சுமார் 256 கிலோ. கண்ணளவில் எடை சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். குடற்புழு மருந்தைக் குறைவாகக் கொடுத்துப் புழுக்களுக்கு எதிர்ப்புத் திறன் வளர்த்துவிடாமல் இருக்க, ஒரு அளவுநாடா போதும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயண மருத்துவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ரேபிஸ் முன்தடுப்பு இன்னும் போடவில்லை என்றால் போட்டே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னபடி முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று, இரண்டே ஊசி. அதன்பிறகு கடிபட்டாலும் மீண்டும் ஊசி உண்டு, ஆனால் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத மருந்து தேவைப்படாது. தொலைதூரக் கிராமத்தில் அது கிடைக்காமல் போகலாம் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். போகும் நாட்டில் குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் எவை என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 1994-இல் கண்டறியப்பட்ட ஹென்ட்ரா வைரஸ் குதிரைகளிடமிருந்து 7 பேருக்குத் தொற்றியது. இறந்த 4 பேரில் இருவர் கால்நடை மருத்துவர்கள்.

காப்பீட்டில் பெரிய விலங்குகளோடு வேலை செய்வது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் அதை விலக்கியிருக்கும்.

மூட்டையில் ஸ்டெதாஸ்கோப், வாலில் மாட்டும் நூல் கட்டிய தெர்மாமீட்டர், நொடிமுள் உள்ள கடிகாரம், தரச்சான்று பெற்ற தலைக்கவசம், உறுதியான காலணி. மருந்து எதையும் எடுத்துப் போகாதீர்கள், கெட்டமின் போன்ற மயக்க மருந்துகள் எல்லையில் பெரிய சிக்கலாகும். மாட்டுத் தொழுவத்தில் போட்ட காலணி வேண்டவே வேண்டாம். கோமாரி குதிரைக்கு வராது, ஆனால் உங்கள் காலணி அந்தக் கிருமியை அங்குள்ள மாடுகளுக்குக் கொண்டுபோகும். பண்ணைக்குப் போனீர்களா என்று விமான நிலையத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, இன்றே அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை மாணவருக்கு ஒரு மருத்துவர் மேற்பார்வை பார்க்கிறார்? அந்த நாட்டுச் சட்டப்படி மாணவர் எதைச் செய்யலாம்? காயடிப்பதற்கு முன் எந்த மயக்க மருந்து கொடுக்கிறார்கள்? நீங்கள் எல்லாரும் கிளம்பிய மறுநாள் ஒரு குதிரைக்குக் காயத்திலிருந்து ரத்தம் வடிந்தால், அதன் சொந்தக்காரர் யாரைக் கூப்பிட வேண்டும்? நான்காவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிலாக வந்தால் தயங்காமல் போங்கள். மழுப்பினால் வேறு திட்டம் தேடுங்கள், அதற்கும் இரண்டு மாதம் போதும்.