காய்ச்சல் விட்ட மறுநாள்

வணக்கம் சார்,

போன மாதம் தம்பிக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, ரசம் சாதம் சாப்பிட்டான். அப்பாடா என்று இருந்தோம். மறுநாள் காலை கைகால் சில்லிட்டு, வயிற்றுவலி, வாந்தி. ‘ரத்தக் குழாயிலிருந்து தண்ணி கசியுது’ என்றார் டாக்டர். அதுவரை பிளேட்லெட் கவுண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது தேறிவிட்டான். குழாயில் ஓட்டை விழுந்தால் இரண்டே நாளில் அது எப்படித் தானாக அடைபடும்?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

தம்பி தேறியதில் மகிழ்ச்சி. ஓட்டை என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. தெருக்குழாய் போல எதுவும் உடையவில்லை. ரத்தக் குழாயின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. விஇ-கேட்ஹெரின் என்ற புரதத்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அந்தப் பிடியை நிர்ணயிக்கும் சமிக்ஞைகளில் முக்கியமானவை ஆஞ்சியோபாயட்டின் 1, 2. முதலாவது, குழாயை வெளிப்புறம் அணைத்திருக்கும் பெரிசைட் செல்களிலிருந்து வருகிறது. சுவர்ச் செல்லின் டை-2 என்ற ஏற்பியில் அமர்ந்து, பிடியை விடாதே என்கிறது. இரண்டாவதைச் சுவர்ச் செல்லே தயாரித்துப் பொதி கட்டி வைத்திருக்கிறது. 1964-இல் வைபல், பலாடே என்ற இரு விஞ்ஞானிகள் விவரித்த பொதிகள் அவை. அழற்சி வந்தால் சில நிமிடங்களில் பொதி அவிழும். வெளியே வந்தது அதே டை-2இல் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலாவதற்கு இடம் கிடைக்காது. பிடி தளர்கிறது. தன் பிடியைத் தளர்த்தும் சரக்கைத் தானே மூட்டை கட்டி வைத்திருக்கும் செல்லை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

அதற்குக் காரணம் உண்டு. கொசு கடித்த இடம் தடிக்கிறதே, அதுவும் கசிவுதான். ஹிஸ்டமின் பட்டதும் அங்குள்ள நுண்சிரைகளின் செல்கள் விலகி, நீரும் புரதமும் வெளியே வருகின்றன. தொற்று புகுந்த இடத்துக்கு எதிர்ப்புப் புரதங்கள் போய்ச் சேர இப்படி வழிவிட்டாக வேண்டும். சற்று நேரத்தில் தடிப்பு வடிந்துவிடும்.

டெங்குவில் இது ஓர் இடத்தோடு நிற்பதில்லை. லேப் ரிப்போர்ட்டில் என்எஸ்1 என்று பார்த்திருப்பீர்கள். வைரஸின் அந்தப் புரதம் உட்சுவரின் மேல்பூச்சையும் சிதைக்கிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கோக்கிறது. நீர் இறங்க இறங்க ரத்தம் கெட்டியாகிறது. அதைக் காட்டுவது, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பிசிவி என்ற எண். வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினாலே கசிவு என்று டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். தம்பியின் ரிப்போர்ட்டிலும் அது இருந்திருக்கும். வீட்டில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம். பிறகு செல்கள் மறுபடி பிடித்துக்கொள்கின்றன; வெளியே போன நீர் ரத்தத்துக்கே திரும்புகிறது. அப்போதும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால்தான் நோயாளி சோர்ந்து கிடக்கும்போதே டிரிப்ஸைக் கழற்றுகிறார்கள். நீங்கள் நர்ஸிடம் சண்டை போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. என் அப்பாவுக்குக் கழற்றியபோது நான் போட்டேன்.